25 சதவீத இலவச இடம்: சேலம், ஏற்காடு பெற்றோர் விண்ணப்பிக்கும் முன்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12(1)(சி)-யின்படி, தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடு செய்யும். அரசுப் பணம் பிள்ளையோடு தனியார் பள்ளிக்குப் போகும் இந்த ஏற்பாட்டை வவுச்சர் முறையின் (பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு அரசே கட்டணச் சீட்டுத் தரும் முறை) மறுவடிவம் என்று கூறி அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கல்வி ஆர்வலர்களும் எதிர்க்கின்றனர். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்தும். ஆனால், விண்ணப்பித்துவிட்டு அலைகிற பெற்றோர் ஏமாறக் கூடாது என்பதால் அவர்களுக்கு உரியதை முதலில் சொல்கிறேன்.

நுழைவு வகுப்பு எது என்பதில்தான் பலர் வாய்ப்பை இழக்கின்றனர். எல்.கே.ஜி. நடத்தும் பள்ளியில் எல்.கே.ஜி.தான் நுழைவு வகுப்பு. பிள்ளையை ஐந்து வயது வரை அங்கன்வாடிக்கு அனுப்பிவிட்டு ஒன்றாம் வகுப்புக்கு அங்கே போய் நின்றால் இடம் கிடையாது. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

வருமானச் சான்று எல்லோருக்கும் தேவையில்லை. ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நலிவடைந்த பிரிவினருக்கு மட்டுமே. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவதால் அவர்களுக்குச் சாதிச் சான்றே போதும். இதை அறியாமல் வருமானச் சான்றுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்துக் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாத தாளைக் கேட்டு ஏழையைத் திருப்பி அனுப்புவதை எந்த விதியும் அனுமதிக்கவில்லை.

ஏற்காட்டு மலைவாழ் பெற்றோரின் சிரமம் வேறு. மலையாளி என்று அழைக்கப்படும் மலைப் பழங்குடிச் சமூகத்தினருக்கான (கேரளத்தவர் அல்லர்) பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படிப்படியாகக் கோப்பு நகர்ந்து மலையிறங்கிச் சேலம் போய்த் திரும்புவதற்குள் விண்ணப்பக் காலமே முடிந்துவிடலாம். ஆகவே முந்தைய ஆண்டே இ-சேவை மையத்தில் மனுச் செய்துவிடுங்கள். அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஏற்காட்டின் பெயர்பெற்ற பள்ளிகளில் கிறித்தவ நிறுவனங்கள் நடத்துபவையும் இருப்பதால், கைக்கெட்டும் தொலைவில் இடம் தரும் பள்ளி இருக்கிறதா என்று பள்ளிக் கல்வித் துறையின் சேர்க்கை இணையதளத்தில் பார்த்த பிறகே சான்றுகளுக்கு அலையுங்கள்.

சேலம் நகரில் முகவரிதான் தடை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. அம்மாபேட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு, குடும்ப அட்டையில் சொந்த ஊர் முகவரியை வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு புத்தகம், சீருடை, வேன் என்று வெவ்வேறு பெயர்களில் பணம் கேட்பார்கள். எதற்கான தொகை என்று எழுதிய ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அரசிடமிருந்து பணம் வரவில்லை என்பது பள்ளிக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு. அதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லுங்கள். மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்து மூலமும் புகார் கொடுங்கள். ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்ததால் 2025-26 சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது என்பதையும், அதற்குள் பல பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தனர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஆறு முதல் எட்டு வரை இந்த ஒதுக்கீட்டில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், உயர்கல்வி படிக்கும் மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் தகுதி உண்டு. கட்டணம் கட்டித் தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தால் இரண்டும் போய்விடும். சேர்க்கை ஆணையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி எதிர்ப்பின் நியாயத்துக்கு வருகிறேன். மூன்று வயதில் தனியார் எல்.கே.ஜி.க்குப் போன பிள்ளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்குப் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஆகஸ்டு 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் பணிநிரவல் என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்ப்பதைக் கண்டு அடுத்த பெற்றோரும் விலகுகிறார். அரசுப் பள்ளி அருகில் உள்ள இடங்களில் தனியார் பள்ளிக்கு இந்த ஒதுக்கீடு இல்லை என்று கர்நாடகம் 2019-இல் விதியைத் திருத்தியது. அதே வழியில் போன மகாராஷ்டிரத்தின் திருத்தத்தை 2024-இல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே விதி மாறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இடம் தேடும் பெற்றோரைக் குறை சொல்வதிலும் பயனில்லை.

அரசுப் பள்ளியைக் காக்கச் செய்யக்கூடியது, பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். எத்தனை ஆசிரியர் தேவை, மழலையர் வகுப்பு வேண்டுமா, எந்தக் கட்டடம் பழுது என்று கோரிக்கையைத் தெளிவாக எழுதி, ஆகஸ்டு 1-க்கு முன்பே தீர்மானம் நிறைவேற்றுங்கள். மே 1 கிராம சபையிலும் அதையே பதிவு செய்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடமும் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் (தொடக்கக் கல்வி) நேரில் கொடுத்து, தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன கோரிக்கை அலுவலர் மாறியதும் காணாமல் போகும். முத்திரையிட்ட நகல் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நிலையைக் கேட்கலாம்.