நீல விளக்கை நம்பி டெங்கு வாங்காதீர்கள்

நல்லூர்ப் பக்கம் இன்னொரு வீட்டில் டெங்கு. விசாரணைக்குப் போனால் விறாந்தையில் நீல விளக்குப் பொறி எரிகிறது. "இதைப் பூட்டியும் எப்படி ஐயா நுளம்பு கடித்தது?" மாரி தொடங்கினால் வீட்டுக்கு வீடு இதே கேள்விதான். சலித்துவிட்டது.

அந்த விளக்கில் வெந்து விழுவது விட்டிலும் வண்டும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இத்தகைய பொறிகளில் செத்த பூச்சிகளை எண்ணி 1996இல் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மொத்தம் 13,789. இரத்தம் குடிப்பவை 31. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது; அது தேடுவது ஆளை, வெளிச்சத்தை அல்ல.

அதன் மூளையில் இருப்பது ஏறத்தாழ 2,20,000 நரம்புக் கலங்கள். அதற்குள் நடக்கும் வேலையைப் பாருங்கள். நமது மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு எட்டும்வரை எதிரே கரும்பொருள் இருந்தாலும் பெரிதாகப் பொருட்படுத்தாது. எட்டியதும் மூளையின் பார்வைப் பகுதியே வேறு விதமாக இயங்குகிறது. கறுப்பு, சிவப்பு, செம்மஞ்சள் நோக்கிப் பறக்கிறது. நமது தோல், எந்த நிறமானாலும், செம்மஞ்சளும் சிவப்புமான ஒளியையே அதிகம் தெறிக்கவிடுகிறது. நீலமோ, 2022இல் வெளியான ஆய்வின்படி, அந்த நிலையிலும் அதை ஈர்க்கவில்லை. காசு கொடுத்து நீங்கள் வாங்கிய அதே நீலம்தான்! கிட்ட வந்தபின் உடற்சூடு, ஈரம், தோல் மணம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். ஒன்றை மறைத்தாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். கற்பூரம் கொளுத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதே பதில்.

ஆகவே, காலையிலும் பின்னேரத்திலும் பிள்ளைகளுக்கு வெளிர்நிற, நீளக்கை உடுப்பு போடுங்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை உரஞ்சிக் கழுவ வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் இழுத்துப் பாருங்கள், பல வீடுகளில் நான் குடம்பி கண்டது அங்கேதான். கரையோரத்தில் உள்ளவர்கள் "உப்புத் தண்ணீரில் நுளம்பு பெருகாது" என்று சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உவர்நீரில் அதன் குடம்பிகளைக் கண்டு 2011இலேயே எழுதிவிட்டார்கள். பாவிக்காத கிணறும் கரையில் கிடக்கும் வள்ளமும் இதில் அடக்கம்.

காய்ச்சலுக்கு அளவோடு பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம். இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். வயிற்றுவலியோ தொடர்வாந்தியோ வந்தால் அந்த இரண்டு நாளும் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.