‘இலவச’ கம்ப்யூட்டருக்கு எத்தனை வட்டி?

1999-இல் அமெரிக்காவில் இ-மெஷின்ஸ் என்ற நிறுவனம் சுமார் 400 டாலருக்கு கம்ப்யூட்டர் விற்றது. அப்போது அது நம்ப முடியாத மலிவு. அதோடு கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனம் கைகோத்தது. மாதம் 21.95 டாலர் வீதம் 3 ஆண்டுகள் எங்கள் இணைப்பில் இருப்பதாகக் கையெழுத்துப் போடுங்கள், 400 டாலர் தள்ளுபடி தருகிறோம் என்றது. கழித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் சும்மா!

ஆனால் 21.95 டாலரை 36 மாதம் கட்டினால் 790.20 டாலர். இதை ஏமாற்று என்று ஒரே அடியாகத் தள்ளிவிடவும் முடியாது. உண்மையில் இது ஒரு கடன். இன்று 400 டாலரைக் கையில் கொடுத்துவிட்டு மாதத் தவணையில் திரும்ப வாங்குகிறார்கள். வட்டி எவ்வளவு என்பதை ஒப்பந்தம் சொல்லாது. வாங்குபவரின் நிலைமைதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஒருவர் ஏற்கெனவே அதே சேவைக்கு அதே 21.95 டாலர் கட்டி வருகிறார், இன்னும் 3 ஆண்டுகளும் கட்டத்தான் போகிறார் என்று வையுங்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் நிஜமாகவே இலவசம். இன்னொருவருக்குப் பக்கத்திலேயே 10 டாலருக்கு இணைப்பு கிடைக்கிறது. அவர் மாதம் 11.95 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார். 36 மாதத்தில் 430 டாலர். 400 டாலர் கடனுக்கு 30 டாலர் வட்டி, பரவாயில்லை.

மூன்றாமவர்தான் மாட்டிக்கொள்கிறார். அந்தக் காலத்தில் நெட்ஜீரோ போன்ற நிறுவனங்கள் விளம்பரங்களைக் காட்டி இணைப்பை இலவசமாகவே கொடுத்தன. அதுவே போதும் என்றிருந்தவருக்கு 21.95 டாலர் முழுவதும் கடன் தவணைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாதத்துக்கு 4.3 சதவீதம் வருகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நாலு வட்டிக்கும் மேல்! அதிலும் கையில் பணம் இல்லாதவர்தான் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பார்த்து முதலில் வருவார் என்பது எனக்கு உறுத்துகிறது.

சரி, நிறுவனத்துக்கு எப்படிக் கட்டுப்படியானது? அன்று இணைப்பு என்பது தொலைபேசி வழி. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்க மாட்டார்கள் என்பதால் நிறுவனத்தின் ஒரு மோடத்தை (தொலைபேசி அழைப்பை இணையத்தோடு சேர்க்கும் கருவி) பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொண்டார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் கூடும் செலவு குறைவு. ஆளைப் பிடிப்பதும், பிடித்தவர் சில மாதங்களில் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் பெரிய செலவு. அந்த இரண்டையும் 400 டாலர் ஒரே வீச்சில் முடித்தது. கூடவே, கம்ப்யூட்டர் ஆண்டுக்கு ஆண்டு விலை குறைந்து பழசாகிக்கொண்டிருக்க, மாதக் கட்டணம் மட்டும் அசையாமல் நின்றது. அகலப்பட்டை இணைப்பு ஊருக்குள் வந்த பிறகும் ஒப்பந்தக்காரர் பழைய மோடத்தோடு இருக்க வேண்டியதுதான்.

இந்தச் செலவுகளை விளம்பரங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் சில விற்பனையாளர்கள் மேல் நடவடிக்கை எடுத்து, 2000-இல் சமரசம் கண்டது. இணைப்புக்கு அழைக்க உள்ளூர் எண் இல்லாத ஊர்க்காரர்கள் இணையத்தைத் தொடவே வெளியூர் அழைப்புக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் அந்தக் குறைகளில் ஒன்று.

அந்த 400 டாலர் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதற்கான விலை என்பதை கலிஃபோர்னியாவும் ஒரிகனும் காட்டிக்கொடுத்தன. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் சேவையும் இதே தள்ளுபடியைத் தந்தது. பாதியில் விலகினால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அந்த இரு மாநிலங்களில் மட்டும், அங்குள்ள சட்டம் காரணமாக, அந்த நிபந்தனை இல்லை. விஷயம் பரவியதும் மக்கள் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு 400 டாலருக்குப் பொருள் வாங்கினார்கள், அப்புறம் இணைப்பை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த இரண்டு மாநிலங்களிலும் சலுகையை நிறுத்தியது.