சுவருக்குள் காணாமல் போகும் நான்காவது செங்கல்

திருவனந்தபுரத்தில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றுவந்த வாசகர் ஒருவர், அங்கே சுவர்களை உள்ளே இடைவெளி விட்டுக் கட்டியிருந்ததாகவும், அதனால் செங்கலும் மிச்சம், வெயிலும் உறைக்காது என்று வீட்டார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். நகருக்குள் ஒன்றரை சென்ட் மனையில் 400 சதுர அடியில் சிறிய வீடு கட்டவிருக்கும் அவர், இந்தச் சுவர் மாடியைத் தாங்குமா, மிச்சம் என்பது உண்மைதானா என்று கேட்கிறார்.

அவர் பார்த்தது எலிப்பொறிக் கட்டு. கொத்தனார்கள் 'ராட் ட்ராப்' என்றே சொல்வார்கள். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதைக் கேரளத்தில் பரவலாக்கினார். அவரும் பொருளியலாளர் கே.என். ராஜும் முன்னாள் முதல்வர் அச்சுத மேனனும் சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் நிறுவனம், நகரத்து ஏழைகளுக்கான சிறுவீடுகள் வரை இந்த வழியிலான கட்டுமானத்தைக் கொண்டுசென்றது.

மிச்சத்தின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமான கணக்கு. நம் ஊர் சேம்பர் செங்கலின் (அறைச் சூளையில் சுட்ட செங்கலின்) அளவு, கலவையையும் சேர்த்து, 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கலைப் படுக்கையாக அடுக்குகிறோம். எலிப்பொறிக் கட்டில் செங்கல் தன் 3 அங்குல விளிம்பின்மீது நிற்கிறது. சுவரின் வெளிமுகத்தில் ஒன்று, உள்முகத்தில் ஒன்று என இரண்டு செங்கற்கள் நீளவாக்கில் இணையாக நிற்க, அவற்றின் முனையில் மூன்றாவது செங்கல் சுவரின் குறுக்கே நின்று இரண்டு முகங்களையும் பிணைக்கிறது. மீண்டும் இரண்டு நீளவாக்கில், ஒன்று குறுக்கே என வரி முழுவதும் இதே அடுக்குமுறை தொடர்கிறது. மூன்று தீப்பெட்டிகளை மேசைமேல் இப்படி நிறுத்திப் பார்த்தால் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும்.

இந்த மூன்று செங்கற்களும் சேர்ந்து 12 அங்குல நீளமும் 4½ அங்குல உயரமும் கொண்ட சுவர்ப் பகுதியை நிறைக்கின்றன. அதே பகுதியைப் படுக்கையாகக் கட்டினால் சரியாக நான்கு செங்கற்கள் செல்லும். அந்த நான்காவது செங்கல் எங்கே போயிற்று? சுவரின் கனம் 9 அங்குலம். இருபுறமும் நிற்கும் செங்கற்கள் மும்மூன்று அங்குலத்தை எடுத்துக்கொண்டபின் நடுவில் எஞ்சுவது 3 அங்குலம். அந்த இடைவெளியின் நீளம் 9, உயரம் 4½. அதாவது சுவருக்குள் இருக்கும் வெற்றிடம், அளவு பிசகாமல், ஒரு செங்கலேதான். செங்கலின் நீளம் அதன் கனத்தைப்போல் மும்மடங்கு என்ற எளிய விகிதத்திலிருந்தே நான்கில் ஒரு பங்கு மிச்சம் பிறக்கிறது. கலவையும் குறைகிறது. 9 அடிச் சுவருக்குப் படுக்கை முறையில் 36 வரிகள் வேண்டும். இதில் 24 வரிகள் போதும்.

ஆகவே வரைபடத்தையும் இந்த அளவுக்கு இணங்க வரைவது நல்லது. ஜன்னல் அடிமட்டம் 3 அடி என்றால் சரியாக எட்டு வரி. கதவின் மேல்மட்டத்தை 7 அடிக்குப் பதிலாக 6 அடி 9 அங்குலத்தில் வைத்தால் பதினெட்டு வரியில் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கிடைக்கட்டை) உட்கார்ந்துவிடும், செங்கலை உடைக்க வேண்டியிராது. அஸ்திவாரத்துக்கு மேலுள்ள முதல் வரி, ஜன்னல் அடிமட்டம், லிண்டல் மட்டம், கூரைக்குக் கீழுள்ள கடைசி வரி ஆகியவற்றை இடைவெளி விடாமல் திடமாகக் கட்ட வேண்டும். நல்ல கொத்தனார் 3 அங்குல அகலப் பலகை ஒன்றை இடைவெளியின்மேல் வைத்துக்கொண்டுதான் கலவை போடுவார். இல்லையேல் கலவை உள்ளே விழுந்து இடைவெளியை அடைத்து, மிச்சப்பட்டதை விழுங்கிவிடும். மின்கம்பிக் குழாய்களை அந்த இடைவெளியிலேயே இறக்கிவிடலாம். பின்னர் சுவரைக் கொத்த வேண்டியதில்லை.

தாங்குமா என்ற ஐயத்துக்கு எண்களே விடை. பத்துப் பன்னிரண்டு அடி அகல அறைகள் கொண்ட வீட்டில், ஒரு தளத்தின் சுமை திடமான சுவரின் அடியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 நியூட்டன் அழுத்தத்தையே தரும். இரண்டு தளமாக்கி, நான்கில் ஒரு பங்குப் பரப்பையும் இழந்தால்கூட அது 0.25ஐ ஒட்டியே நிற்கும். இந்தியத் தர நிர்ணயத்தின் மிகக் கீழான வகைச் செங்கலே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். கலவையின் வலுவின்மையையும் சுவரின் ஒல்லியையும் கருதி அதில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே நம்பினாலும் கீழ்த்தளமும் ஒரு மாடியும் பத்திரமாக நிற்கும். அதற்குமேல் எழுப்ப வலுவான செங்கலும் பொறியாளரின் கணக்கும் கட்டாயம் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லப்படுவதில் மட்டும் சற்று மிகை இருக்கிறது. அசையாத காற்று, செங்கலைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் 3 அங்குல இடைவெளியில் காற்று அசையாமல் இருப்பதில்லை. வெயில் படும் பக்கத்தில் சூடாகி ஏறி, மறுபக்கத்தில் ஆறி இறங்கிச் சுழல்கிறது. அதோடு, சூடான செங்கல் முகத்திலிருந்து எதிர்முகத்துக்கு வெப்பம் கதிர்வீச்சாகவும் பாய்கிறது. இவ்வளவும் போக, அந்த இடைவெளி ஆறு அங்குலச் செங்கல் செய்யும் தடுப்பைச் செய்கிறது. இருந்தும் சுவர்ப் பரப்பில் கால் பங்கான குறுக்குச் செங்கற்கள் வெப்பத்துக்குப் பாலமாகிவிடுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுவர் வழியே வரும் வெப்பம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். அது நல்ல ஆதாயமே, ஆயினும் குளிர்சாதனத்துக்கு மாற்றாகாது.

உண்மையான பெரிய ஆதாயம் சூளையில் இருக்கிறது. ஒரு செங்கல்லைச் சுட ஏறத்தாழ 4 மெகாஜூல் ஆற்றல் செலவாகிறது. 1000 சதுர அடிச் சுவர் கொண்ட சிறுவீட்டில் 2,600க்கு மேல் செங்கல் மிச்சமாகும். அதாவது, எரியாமல் போன அரை டன் நிலக்கரி. ஒரு தெருவில் இப்படி இருபது வீடுகள் எழுந்தால் பத்து டன்.

நம் மாவட்டந்தோறும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் ஆய்வகங்களில் அழுத்தச் சோதனை எந்திரங்களும் இருக்கின்றன. சிறிய ஆய்வு நிதி கிடைத்தால்போதும், அந்தந்த ஊர்ச் சூளைச் செங்கலில் இந்தச் சுவரைக் கட்டி, வலிமையையும் கோடை வெப்பத்தையும் அளந்து எவரும் பார்க்கும்படி வைக்க முடியும். சமையலறை வாசல் எந்தத் திசை என்பதற்காகக் கட்டிய சுவரை இடித்துச் செலவழிக்கத் தயங்காத குடும்பங்கள், செங்கல்லின் வலிமையை அறிய ஒரு சோதனைக்கும் பணம் ஒதுக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

வாசகர் முதலில் செய்ய வேண்டியது, சூளையிலிருந்து பத்துச் செங்கல் எடுத்து அளந்து பார்ப்பது. செங்கலுக்குச் செங்கல் நீளம் கால் அங்குலத்துக்கு மேல் மாறினால், இருமுகமும் ஒரே மட்டத்தில் நிற்காது; கலவை போட்டு நிரவ நேர்ந்து மிச்சமெல்லாம் கரைந்துபோகும். அளவு ஒத்திருந்தால் தயங்காமல் கட்டலாம். மேற்குச் சுவருக்கு மட்டும் அகலமான தாழ்வாரம் ஒன்றையும் இறக்கிக்கொள்ளட்டும்.