முதல் சிட்டிங்குக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

"கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க டாக்டர்." பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர் சொல்வது இது. அவசரம் புரிகிறது. ஆனால் தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் எடுப்பது, சி.டி. ஸ்கேன், கணினியில் திட்டமிடுவது, கதிரின் அளவைச் சரிபார்ப்பது என்று முதல் சிட்டிங்குக்கு, அதாவது முதல் முறை கதிர் வைப்பதற்கு, முன் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். அந்தப் பிள்ளை முப்பது வயதில் வாயைத் திறந்து சாப்பிடுமா, குழந்தை பெறுமா என்பதில் பெரும்பங்கு இந்த நாட்களில்தான் முடிவாகிறது.

முதலில் ஒரு பயத்தைக் கழித்துவிடலாம். 'கரண்ட்' என்பது பேச்சுவழக்குதான். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டரிலிருந்து வருவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர். இயந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். வெளியிலிருந்து கொடுக்கும் இந்தச் சிகிச்சைக்குப் பின் பிள்ளையின் உடம்பிலிருந்து யாருக்கும் கதிர் போகாது. தம்பி தங்கையோடு ஒரே பாயில் படுக்கலாம், விடுதி அறையிலும் தங்கலாம். தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதுதான் அந்த வயதில் தாங்க முடியாதது.

அடுத்தது, யாரும் வாய் திறக்காத விஷயம். இடுப்பெலும்பில் யூயிங் சார்க்கோமா என்ற எலும்புப் புற்று, மலக்குடல் புற்று போன்றவற்றுக்கு இடுப்புப் பகுதியில் கதிர் வைக்கும்போது பையன்களின் விரைகளுக்கும் பெண்களின் சூலகத்துக்கும் அதில் ஒரு பங்கு போகிறது. சூலகத்தில் 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) பட்டாலே முட்டைகளில் சுமார் பாதி அழிந்துவிடும். கட்டிக்குக் கொடுப்பதோ பெரும்பாலும் 45 கிரேக்கு மேல். கூடவே கீமோ இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

பூப்படைந்த பையன்களுக்கு வழி எளிது: விந்து மாதிரியை −196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கலாம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று மாதிரி கொடுத்தால் போதும். ஒரே வாரத்தில் முடிந்துவிடும். முதல் கீமோவுக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கல்யாணம் ஆகாத பையனிடம் இதை எப்படிக் கேட்பது என்று பெற்றோர் கூச, பெற்றோர் முன்னால் எப்படிச் சொல்வது என்று பையன் கூச, வாரம் ஓடிவிடும். பெற்றோரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் நேரடியாகப் பேசுவது மருத்துவரின் பொறுப்பு. அவர் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பெண்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல. முட்டையை உறைய வைக்க ஊசி மருந்தோடு இரண்டு வாரம் வேண்டும். அதற்கு அவகாசம் இல்லையென்றால், கதிர் படும் எல்லைக்கு வெளியே சூலகத்தை மேலே நகர்த்தித் தைத்து வைக்கும் லேப்ராஸ்கோப்பி அறுவை உண்டு. சிதறும் கதிர் கொஞ்சம் படத்தான் செய்யும் என்பதால் இது முழுக் காப்பு அல்ல. கருப்பையை நகர்த்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்று இளவயதினரையும் தாக்குவது. இதற்கு வழக்கமாக 33 முதல் 35 சிட்டிங், மொத்தம் 70 கிரே வரை, ஏழு வாரம். இங்கே முதல் வேலை பல் மருத்துவரிடம். பிடுங்க வேண்டிய பல்லை, சிகிச்சை தொடங்குவதற்குக் குறைந்தது பத்து, பதினான்கு நாள் முன்பே பிடுங்கிப் புண் ஆற விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பின்னாளில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்றால், காது கேட்கும் திறனையும் முன்கூட்டியே பரிசோதித்துவிடுங்கள். அந்த மருந்து முதலில் உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனைக் குறைக்கும். வகுப்பில் பாடம் காதில் சரியாக விழாததை 'கவனக்குறைவு' என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாஸ்க் எடுக்கும் நாளுக்கு முன் முடிவெட்டிக்கொள்வதும் தாடி எடுப்பதும் சின்ன விஷயமல்ல. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் அழுத்தி அச்சு எடுக்கிறார்கள். அடர்ந்த முடியோடு எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினாலோ, முடி கொட்டினாலோ மாஸ்க் தளரும். எடை குறைந்தாலும் அதேதான். மாஸ்க் தளர்ந்தால் தலை அசையும். திட்டத்தை மறுபடி போட வேண்டி வரும்.

எடையைக் காப்பதில் நம் வீடுகள் தவறுவது ரசம் சாதத்தில். இரண்டாம் வாரக் கடைசியில் வாய் புண்ணாகத் தொடங்கும்போது 'லேசாக' என்று ரசம் கொடுக்கிறோம். மிளகும் புளியும் எரிக்கும், புரதமும் இல்லை. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். மூன்று முட்டையும் அரை லிட்டர் பாலும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதி வந்துவிடும். மீதிக்குக் குழைய வெந்த பருப்பு, தயிர், முள் நீக்கி மசித்த மீன். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் இறங்கினால் மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. குழாய் வைத்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமல்ல.

வாய் கொப்பளிக்க: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன். தினமும் புதிதாகக் கலந்து, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. புண் வரும் வரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே தொடங்குங்கள். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வேண்டாம்.

தாடை இறுகுவதைத் தடுக்க ஐஸ் குச்சி போதும். முன்பற்களுக்கு நடுவே எத்தனை குச்சி அடுக்க முடிகிறது என்று முதல் நாளே எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கை குறையாமல் தினமும் மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு முறையும் முப்பது விநாடி வாயை அகலத் திறந்து நிறுத்துவது. தன் மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாவிட்டால் இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செமஸ்டர் தேர்வை ஒட்டியும் பெரிய தவறு நடக்கிறது. நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டுத் தேர்வு எழுதி வருகிறேன் என்பார்கள். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கிறது. தேர்வு நெருக்கத்தில் இருந்தால், எழுதிவிட்டுத் தொடங்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். தொடங்கிய பின் இடைவெளி வேண்டாம். பொங்கல் விடுமுறையோ இயந்திரப் பழுதோ வந்து நாள் போனால், சனிக்கிழமையிலோ, ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறையோ கொடுத்து ஈடுகட்டலாம். அதையும் கேட்டு வாங்குங்கள். தினமும் ஒரே நேரம் கேட்டால் அரை நாள் கல்லூரிக்குப் போக முடியும். சோர்வு கடைசி வாரங்களில்தான் உச்சம். முடிந்த பிறகும் சில வாரம் நீடிக்கும். நாள் முழுக்கப் படுத்திருப்பதைவிட இருபது நிமிட நடை அதை நன்றாகக் குறைக்கும்.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கதிர் படும் இடத்தில் மஞ்சள், சந்தனம், பவுடர், தைலம் வேண்டாம், பருத்தித் துணி போதும், கதிர் படும் இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மார்க்கர் கோட்டைத் தேய்த்து அழிக்கக் கூடாது.

கடைசி சிட்டிங் அன்று எந்த இடத்துக்கு, எத்தனை கிரே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற சுருக்கத்தை எழுதி வாங்கி, போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். கழுத்தில் கதிர் பட்டவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். முப்பது வயதுக்குள் மார்பில் கதிர் வாங்கிய பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனை மற்றவர்களைவிட மிக முன்பே, பொதுவாக 25 வயதிலோ சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டு கழித்தோ, எது பிந்தியதோ அப்போது தொடங்கும். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் பல்வலி என்று போய் உட்காரும்போது, பல்லைப் பிடுங்குவதற்கு முன் அந்த மருத்துவரிடம் காட்ட வேண்டியதும் அந்தப் படத்தைத்தான்.