சொல் விளக்கம்: ‘சிங்கிள் இஷ்யூ’ கட்சி

ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தேர்தலுக்கு வரும் சின்னக் கட்சியைத் தமிழில் எழுதும்போது ‘ஒற்றைப் பிரச்சினைக் கட்சி’ என்று போட்டுவிடுகிறார்கள். படித்தால் கட்சிக்குள் ஏதோ தகராறு என்றுதான் தோன்றுகிறது.

‘இஷ்யூ’வின் வேர் லத்தீனில் ‘வெளியே போ’ என்பது. ‘எக்ஸிட்’டும் அந்த வேர்தான். பத்திரிகையின் இதழ், பெற்ற பிள்ளை என்று வெளியே வருவதெல்லாம் இஷ்யூ. வழக்கில் இரு தரப்பும் சொல்லி முடித்தபின் தீர்க்கவேண்டியதாக எழுந்து நிற்கும் கேள்வியும் இஷ்யூ. நம் நீதிமன்றத் தமிழில் அதற்கு ‘வழக்கெழு வினா’ என்று அருமையான சொல் இருக்கிறது. கோர்ட் வாசலைத்தான் தாண்டவில்லை. ‘பிரச்சினை’யும் அடியில் கேள்விதான், சோதிடர் பிரசன்னம் பார்க்கிறாரே, அதே வடசொல். ஆனால் இன்று ஒருவர் “என்ன பிரச்சினை?” என்றால் சட்டைக் கையை மடக்குகிறார் என்று பொருள்.

‘ஒற்றைக் கோரிக்கைக் கட்சி’ என்பதே என் தேர்வு. கோரிக்கை யாரிடமோ கேட்பது; கிடைத்தால் தீர்ந்தது. கொள்கை நாம் கொள்வது. கிடைத்தாலும் கையில் இருக்கும். பிரிட்டனின் யுகிப் கட்சி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதையே பேசி 2015 பொதுத்தேர்தலில் 12.6 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்தது ஒரே இடம். 2016 வாக்கெடுப்பில் கோரிக்கை வென்றது. 2017இல் வாக்கு 1.8 சதவீதம்.

சரி, பத்துக் கோரிக்கையோடு வந்தால்? சின்னக் கட்சியின் பத்தையும் யார் நினைவில் வைப்பார்கள்? நுழைவதற்கு ஒன்றே போதும். அது நிறைவேறும் நாளுக்குள் கொள்கை சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘கோரிக்கை’க்கு உறவான ‘கோரிக’ தெலுங்கில் ஆசை. தனித் தெலங்கானா என்ற ஒரே ஆசையோடு 2001இல் சந்திரசேகர ராவ் தொடங்கிய தெலங்கானா ராஷ்டிர சமிதி, 2014 ஜூன் 2இல் மாநிலத்தையும் பார்த்தது, ஆட்சியையும் பிடித்தது. அப்புறம் பாசனம், விவசாயிகளுக்குப் பண உதவி தரும் ‘ரைத்து பந்து’ திட்டம் என்று வேறு விஷயங்களைத் தேடிக்கொண்டு 2018இலும் வென்றது. 2022இல் பெயரிலிருந்த ‘தெலங்கானா’வை எடுத்துவிட்டு ‘பாரத்’ போட்டார்கள். 2023இல் ஆட்சி போனது. 2024 மக்களவைத் தேர்தலில் 17 தொகுதியில் ஒன்றுகூட இல்லை. கார் சின்னம் மட்டும் மாறவில்லை.