புல்லியிங்: தமிழில் என்ன சொல்வது?

16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘புல்லி’ என்றால் அன்புக்குரியவர். டச்சு மொழியில் காதலரைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். 17ஆம் நூற்றாண்டில்தான் எளியவரை வருத்துபவன் என்று பொருள் திரிந்தது.

திருகோணமலையில் நாங்கள் இதைப் ‘பகிடி’ என்றே சொல்லிவிடுகிறோம். “பகிடி பண்ணுறாங்கள் அம்மா” என்று பிள்ளை முறையிட்டால், “பகிடிதானே, விடு” என்பதோடு கதை முடிந்துவிடும். பகிடிவதை வேறு. அது மூத்த மாணவர் புதியவரை வதைக்கும் ராக்கிங்; கல்வி நிறுவனங்களில் அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பாடசாலை வகுப்பறையில் நடப்பதற்கு அந்தச் சொல் முழுதாகப் பொருந்தாது.

நோர்வேயில் ஆய்வு செய்த டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. ‘தன்னின் மெலியார்மேல் செல்லுமிடத்து’ என்று 250ஆம் குறள் சொல்வது மூன்றாவதைத்தான். ‘வன்சீண்டல்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வலிமையும் அதில் இருக்கிறது, விடாத சீண்டலும் இருக்கிறது.

கட்டிளமைப் பருவத்தில் இந்தச் சீண்டல் உடம்பைத் தேடியே போகும். உப்புவெளிக் கடலில் எல்லாரும் குளிக்க, சேட்டைக் கழற்றாமல் கரையில் நிற்கும் பையனைக் கண்டிருப்பீர்கள். 13, 14 வயதில் பையன்கள் பலருக்கு ஹோர்மோன் மாற்றத்தால் மார்பு சற்று வீங்கும்; பெரும்பாலும் 2 வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பிலோ பட்டம் தெளித்துவிட்டார்கள்.

பெண்பிள்ளைக்கு மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு வைக்கிறோம். மாதவிடாயை மட்டும் ‘துடக்கு’, ‘சுகமில்லை’ என்று மூடி மறைக்கிறோம். மனம் பொறுக்கவில்லை. வெள்ளைச் சீருடையில் கறை பட்டால் அவளை வகுப்பே சிரிக்கிறது, அவளோ வீட்டிலும் வாய் திறக்க மாட்டாள்.

9, 10 வயதிலேயே தாயோ தகப்பனோ இவற்றைப் பெயர் சொல்லிப் பேசியிருந்தால், பிறகு “உன்ர உடம்பைப் பற்றி யாரும் ஏதும் சொன்னவையா?” என்று கேட்பது சுலபம். பிள்ளை சொல்லத் தொடங்கினால் “நீ என்ன செய்தனி?” என்று குறுக்கு விசாரணை வேண்டாம். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். தொட்டோ படம் எடுத்தோ மிரட்டியிருந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.