தெர்மாகோலில் ஒரு யானைமலை

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது, படுத்திருக்கும் யானையைப் போலத் தோன்றும் யானைமலை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுடையது. அதுபோன்ற ஒரு மலையை விளையாட்டு மேசைமேல் செய்து வைப்பது எப்படி என்பதே இங்கே பேச்சு. சிறு படைவீரர் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டியும் அளவுநாடா பிடித்தும் ஆடப்படும் போர் விளையாட்டில் 28 மில்லிமீட்டர் பொம்மைகளே மிகுதியாகப் புழங்குகின்றன. அவற்றுக்குப் பொருந்தும் அளவாகப் பலர் கொள்வது 1:56, அதாவது உண்மையில் 56 மீட்டர் இருப்பது மேசையில் 1 மீட்டர். இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றினால் யானைமலைக்கு மட்டும் சுமார் 54 மீட்டர் நீள மேசை வேண்டும். 20 மீட்டர் பனைமரம் ஒன்று 36 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஆகவே பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும் கதவு, சுவர், வண்டி ஆகியவற்றை மட்டும் சரியான அளவில் செய்துவிட்டு, மலையையும் மரத்தையும் கூசாமல் சுருக்கிவிடுவதே வழக்கம்.

மருதநாயகம் என்றும் அறியப்படும் யூசுப்கான் மதுரைக் கோட்டைக்குள் இருந்து 1763-64இல் எதிர்த்து நின்ற முற்றுகையை மேசைமேல் நடத்திப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு. ஆனால் தொடங்குபவர் கோட்டையில் கை வைக்க வேண்டாம் என்பேன். சுவர் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் கண்ணில் குத்தும். மலை எப்படிக் கோணினாலும் மலைதான். நவராத்திரிக் கொலுவில் விளாச்சேரிப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கடுகு முளைக்க வைத்துப் பூங்கா அமைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த வேலையில் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

மலையின் வடிவத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள கரட்டுக் குன்றுகள் பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவான கடினப் பாறைகள். மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போனபோது அழுத்தம் தளர்ந்து, பாறை தன் மேற்பரப்புக்கு இணையாக வெங்காயத்தோல் போல ஏடு ஏடாக விரிசல் விட்டது. ஏடுகள் கழன்று விழ விழ முனைகள் மழுங்கி உருண்டன. எனவே நம் ஊர் மலைக்குக் கூரிய சிகரம் பொருந்தாது. முழுக்க உருட்டிவிட்டாலோ பொம்மை நிற்காமல் சறுக்கும் என்பதால், பக்கங்களை உருட்டி உச்சியைத் தட்டையாக விட்டுவிடுவது நல்ல சமரசம்.

மூலப்பொருள், டிவிப் பெட்டியோடு வந்து பரணில் கிடக்கும் தெர்மாகோல். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் மணிகளை ஊதிப் பெருக்கி ஒட்டவைத்தது இது. கன அளவில் சுமார் 98 விழுக்காடு காற்றே. பிளேடால் அறுத்தால் மணிகள் பிய்ந்து வந்து வீடு முழுதும் ஒட்டிக்கொள்ளும். பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் இளகிவிடுவதால், மின்சாரத்தால் சூடாக்கிய நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பி அதை வெண்ணெய் போல வெட்டும். அப்போது எழும் புகை நல்லதல்ல, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

என் முதல் மலை வண்ணம் பூசும்போது அழிந்தது. அரை நாள் செதுக்கிய குன்றின்மேல் ஸ்ப்ரே பெயிண்டை அடித்த சில நொடிகளில் பரப்பு முழுதும் குழிகள் விழுந்து, மலை என் கண்முன்னே உள்வாங்கியது. அமிலம் அரித்ததுபோல் தெரிந்தாலும் அங்கே நடந்தது வெறும் கரைதல். அத்தகைய பெயிண்டில் உள்ள டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகின்றன. நுரையின் மெல்லிய சுவர்கள் குழைந்ததும் உள்ளிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. பொருள் எங்கும் போகவில்லை. இரண்டு விழுக்காடு பிளாஸ்டிக் ஒரு பிசினாக அடியில் கிடக்கும். தண்ணீருக்கு இந்தத் திறன் இல்லை. ஆகவே தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, சுவருக்குப் பூசும் எமல்ஷன் பெயிண்டே தெர்மாகோலுக்கு உகந்தது. அதற்கு முன் ஃபெவிகாலும் சுவர்ப் பட்டியும் (வால் புட்டி) குழைத்து ஒரு பூச்சு கொடுத்தால் மணிமணியான தோற்றமும் மறையும்.

அடித்தளத்துக்கு அட்டை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஈரப் பசை படும்போது அட்டையின் நார்கள் ஊதுகின்றன. பசை காயும்போது சுருங்கி, அட்டையையும் சேர்த்து இழுத்து அப்பளம் போல வளைத்துவிடுகிறது. மெல்லிய பிளைவுட் போதும்.

அடுத்தது மணல். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆற்று மணல் இயற்கையானதுதானே என்று அப்படியே தூவினால், 1 மில்லிமீட்டர் மணி ஒவ்வொன்றும் 1:56 அளவில் 5.6 சென்டிமீட்டர் கல்லாகி, தரை ரயில் தண்டவாளத்துச் சரளைபோல் காட்சியளிக்கும். எவ்வளவு நுண்மை வேண்டும் என்பதைக் கண்ணே சொல்லும். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். அதைவிடப் பொடியான மணிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே நிலப்பரப்பாகக் கலந்துவிடும். எனவே மைதா சலிக்கும் சல்லடையில் விழுந்த பொடி தரைக்கு. மேலே தங்கியது பாறைச் சரிவின் அடிவாரத்துக்கு.

தூவிய மணலை இறுக்க, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டவிடுவார்கள். உலர்ந்த, தூசி படிந்த மணலில் அது உட்புகாமல் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு, மணலையும் வாரிக்கொண்டு ஓடும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசையே காரணம். பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பு ஒரு சொட்டு சேர்த்தால் அந்தப் பிடி பாதிக்கும் கீழே தளர்ந்து, மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் பசையைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு செய்யும் இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் இரண்டு முறை மணல் தூவியதுண்டு.

கடைசியில் ஒளி. உண்மையான மலைமேல் வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழுந்து கறாரான நிழலைத் தருகிறது. வீட்டு டியூப்லைட்டோ பொம்மை மலையைவிட நீளமானது. சுவரிலும் கூரையிலும் பட்டுச் சிதறிய ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் சிறிய பள்ளங்களில் நிழலே விழாது. ஆகவே நிழலை நாம் வண்ணத்தில் வரைந்துவிட வேண்டியிருக்கிறது. மலைக்குச் சாம்பலும் கொஞ்சம் செம்மையும் கலந்த நிறம் பூசிக் காய்ந்தபின், நீர்க்க கரைத்த கரும்பழுப்பை மேலே விட்டால் அது தானாகப் பள்ளங்களில் போய்த் தேங்கும். அதுவும் காய்ந்தபின், வெளிர் நிறத்தில் தோய்த்துத் துணியில் நன்றாகத் துடைத்த தூரிகையை மேலாகத் தேய்த்தால் மேடுகளின் விளிம்பில் மட்டும் நிறம் ஒட்டும். பூச்சு போதுமா என்று தெரிய, விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பொம்மையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்க்கலாம். அதே விளிம்புகள் டியூப்லைட் எரியும்போதும் எடுத்துத் தெரிந்தால் தூரிகையைக் கழுவிவிடலாம்.